படிப்பவருக்கான கருவிகள்: எதை இருப்பில் வைப்பது, எதை ஆர்டரின் பேரில் தருவது?



சென்ற மாதக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் அருகில் வந்து, "அண்ணாச்சி, இப்பல்லாம் படிக்கிறதுக்குன்னே இ-ரீடர், டேப்லெட் கேட்டு வர்றாங்க. வாங்கி அடுக்கலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னும் இருவர், "எங்களுக்கும் அதே சந்தேகம்தான்" என்றார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்விக்கு நான் ஒருமுறை அவசரப்பட்டு விடை கண்டவன். அதற்கு நான் கட்டிய பள்ளிக்கூடச் சம்பளம் 1,39,800 ரூபாய். அந்தப் பாடத்தை மற்றவர்கள் இலவசமாகப் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கூடுவாஞ்சேரியில் காகிதம், நோட்டுப் புத்தகம், பேனா மொத்த வியாபாரம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சரக்கு எடுத்து, பெருங்களத்தூர் முதல் சிங்கப்பெருமாள்கோவில் வரை உள்ள கடைகளுக்குப் போடுகிறேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. மின்னணுச் சாமான்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நஷ்டப்பட்ட பிறகு கேட்டுக் கற்றவை.

நான் செய்த தவறு

2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் மத்திய அரசு 'ஆகாஷ்' என்ற ஏழு அங்குல டேப்லெட்டை வெளியிட்டது நினைவிருக்கும். டேட்டாவிண்ட் நிறுவனம் செய்து கொடுத்தது. அரசுக்கு அடக்க விலை சுமார் 2,250 ரூபாய். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இனி ஒரு பலகை இருக்கும், நோட்டுக்கும் புத்தகத்துக்கும் வேலை இருக்காது என்று பத்திரிகைகள் எழுதின. நோட்டு விற்றுப் பிழைக்கிற எனக்கு அதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. அந்தத் திட்டம் சொன்ன அளவுக்கு நடக்காமல் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனது. ஆனால் என் பயம் ஓயவில்லை.

2013இல் ஒரு வியாபாரி, பெயர் தெரியாத கம்பெனியின் ஏழு அங்குல டேப்லெட்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்று 3,400 ரூபாய் வீதம் 60 எடுத்தேன். கூடவே அதற்கென்றே தைத்த உறை, 180 ரூபாய் வீதம் 100. மொத்த முதல் 2,22,000 ரூபாய். முழுவதும் ரொக்கம்.

பள்ளி திறக்கும் நேரத்தில் விற்கலாம் என்று நான்கு மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கிடங்கில் வைத்திருந்தேன். நோட்டுக் கட்டு நான்கு மாதம் கிடங்கில் இருந்தால் ஒன்றும் ஆகாது. கரையான் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பேட்டரி உள்ள சரக்கு அப்படியில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. சராசரி 3,900 ரூபாய்க்கு 23 விற்றேன். அவற்றில் 9 திரும்பி வந்தன. சிலவற்றில் பேட்டரி உப்பியிருந்தது. சிலவற்றில் சார்ஜே ஏறவில்லை. கொடுத்தவரிடம் போனேன். "அப்பவே பார்த்து எடுத்திருக்கணும்" என்று கைவிரித்துவிட்டார். திரும்பி வந்த ஒன்பதுக்கும் பணத்தைக் கொடுத்தேன். மிச்சமிருந்த 46ஐயும் ஒட்டுமொத்தமாக 600 ரூபாய் வீதம் தள்ளினேன். வந்த பணம் எல்லாம் சேர்ந்து 82,200 ரூபாய். வட்டி சேர்க்காமலே நஷ்டம் 1,39,800.

நூறு உறைகளில் பதினான்கு, விற்ற டேப்லெட்டுகளோடு இனாமாகப் போயின. மீதி 86 உறைகள் அடுத்து வந்த எந்த டேப்லெட்டுக்கும் பொருந்தவில்லை. கேமரா ஓட்டை ஒரு பக்கம், பட்டன் இன்னொரு பக்கம். அவற்றில் ஒன்றில்தான் இன்றும் என் வீட்டு ரேஷன் கார்டு இருக்கிறது.

தமிழாசிரியர் வந்த இரண்டு நாட்கள்

பண நஷ்டத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்த டேப்லெட்டுகளில் ஒன்றை நந்திவரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு விற்றிருந்தேன். கண்புரை அறுவை செய்துகொண்டவர். அச்சுப் புத்தகத்தில் எழுத்துகள் கலங்குகின்றன என்று வந்தார். "இதில் எழுத்து எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகும் சார்" என்று சொல்லிக் கொடுத்தேன். பார்த்துச் சொன்னதல்ல, விற்க வந்தவர் என்னிடம் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்தார். "என்ன அண்ணாச்சி, எழுத்து பெரிசா வரும்னீங்க. பெரிசாக்கினா பாதி வரி வெளியே போயிடுது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். கோபமில்லை, ஏமாற்றம்தான். அவர் படித்தது பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்த பி.டி.எஃப். கோப்புகள். படம் படம்தான், பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகும், வரி மடங்காது. இது எனக்குத் தெரிந்திருந்தால் அன்று அதை அவருக்கு விற்றிருக்க மாட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளத் தயங்கினார்.

2017இல் மறுபடி வந்தார். கையில் மகள் வாங்கித் தந்த ஆறு அங்குல இ-ரீடர். "இப்ப படிக்கிறேன் அண்ணாச்சி, ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வருது. ஆனா என் கண்ணுக்குத் தெரியுது" என்று திறந்து காட்டினார். அது உள்விளக்கு இல்லாத வகை. "இதுக்கு ஒரு உறையும், ராத்திரி மாட்டிக்க ஒரு சின்ன விளக்கும் வேணும். உங்ககிட்ட இருக்கும்னு வந்தேன்" என்றார்.

என்னிடம் இல்லை.

கருவி வேறெங்கோ விற்றுப்போயிற்று. அதற்கு வேண்டிய பொருளைத் தேடி வாடிக்கையாளர் நம் கடைக்கு வந்தார். நாம் அவரை வெறுங்கையோடு அனுப்பினோம். இந்த வியாபாரத்தில் நமக்குரிய இடம் எது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

இரண்டு கருவிகள், இரண்டு வேலைகள்

விற்பவருக்கு முதலில் வித்தியாசம் தெரிய வேண்டும். இ-ரீடரும் டேப்லெட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

டேப்லெட்டின் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. வெளிச்சம் திரை வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. வண்ணம், படம், வீடியோ எல்லாம் உண்டு. வெயிலில் பிடித்தால் மங்கும். பேட்டரி ஒரு நாள் தாங்கும்.

இ-ரீடரின் திரையில் இருப்பது 'மின்மை'. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரவத்தில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். மின்சாரம் காட்டும் திசைக்கு ஏற்ப வெள்ளையோ கறுப்போ மேலே வந்து நிற்கும். நின்ற பிறகு அதை நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போதுதான் வேண்டும். அதனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடும். காகிதத்தைப் போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். இப்போது வரும் பல வகைகளில் முன்பக்கம் சிறு விளக்கும் உண்டு.

இந்த மின்மை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, 1997இல் இ-இங்க் என்ற நிறுவனமானது. 2004இல் ஜப்பானில் சோனி நிறுவனம் 'லிப்ரியே' என்ற பெயரில் இதை வைத்து முதல் கருவியை விற்றது. 2007 நவம்பரில் அமேசானின் 'கிண்டில்' வந்தது. 2010இல் ஆப்பிளின் 'ஐபேட்' வந்து டேப்லெட் காலத்தைத் தொடங்கியது.

ஒரு எச்சரிக்கை. "இது கண்ணுக்கு நல்லது, அது கண்ணைக் கெடுக்கும்" என்று கடையில் நின்று வைத்தியம் பேசாதீர்கள். காகிதம் போலத் தெரியும், எழுத்தைப் பெரிதாக்கலாம், வெயிலில் படிக்கலாம் என்று நாம் காட்டக் கூடியதை மட்டும் சொல்லுங்கள். மற்றதைக் கண் மருத்துவர் சொல்லட்டும்.

நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த கதை

இந்தச் சரக்கின் வரலாற்றைப் பார்த்தால் எவ்வளவு பேர் கால் வைத்து எடுத்திருக்கிறார்கள் என்பது புரியும். 2010இல் அகமதாபாத்தின் இன்ஃபிபீம் நிறுவனம் 'பை' என்ற இ-ரீடரை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு 'விங்க்' என்று இன்னொன்றும் வந்தது. இரண்டும் இன்று கடையில் இல்லை. 2012 ஆகஸ்டில் கிண்டில், குரோமா கடைகளில் 6,999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. 2013இல் கனடாவின் 'கோபோ' பெரிய புத்தகக் கடைகள் வழியாக நுழைந்தது. ஃபிளிப்கார்ட் 2012இல் மின்னூல் விற்கத் தொடங்கி 2015 இறுதியில் அதை விட்டுவிட்டு, வாங்கியவர்களை கோபோவிடம் ஒப்படைத்தது. 2025 ஏப்ரலில் கிண்டில் பேப்பர்வொயிட்டின் புதிய வகை இந்தியாவுக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய்.

கோடி கோடியாக முதல் உள்ளவர்களே நிற்கவும் போகவுமாக இருக்கும் இடத்தில், நாம் நம் முதலைப் போட்டுக் கருவியை அடுக்கி வைப்பது சரியா என்று யோசியுங்கள். அதிலும் இந்தக் கருவிகளை நேரடியாக வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். விலையை அவர்கள் ஒரே இரவில் இறக்கலாம். நம் கடையில் உள்ளதற்கு மறுநாள் காலையே மதிப்புக் குறையும்.

தமிழ் படிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்

நம் பகுதியில் வாங்க வருபவர்களில் பலர் தமிழ் படிப்பவர்கள். ஒரு காலத்தில் இது பெரிய சங்கடம். ஆகாஷ் வந்த நாளில் இருந்த ஆண்ட்ராய்டு 2.2இல் பல கருவிகளில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இன்றைய டேப்லெட்டுகளில் அந்தத் தொல்லை நீங்கிவிட்டது. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி மின்னூல்களை விற்கத் தொடங்கிய பிறகு இ-ரீடரிலும் தமிழ் படிப்பவர் கூடினர்.

இலவசமாகக் கிடைப்பவையும் நிறைய. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தொண்டர்கள் தட்டச்சு செய்து கொடுத்த சங்க நூல்கள் முதல் பிற்கால நூல்கள் வரை உள்ளன. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சு நூல்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனவை. ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வன்' முழுவதையும் 200 கிராம் எடையுள்ள கருவியில் வைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறுபவர் கடற்கரை நிலையம் வரை நின்றபடியே படிக்கலாம்.

தமிழாசிரியர் விஷயத்தில் நான் தவறிய இடத்தை இங்கே கவனியுங்கள். தட்டச்சு செய்த நூலை 'இ-பப்' வடிவில் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்க ஆக்க வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். ஆறு அங்குலத் திரையே போதும். படமெடுத்த பி.டி.எஃப். நூலுக்குப் பத்து அங்குல அளவில் டேப்லெட் வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்த கடைக்காரரிடம் சரக்கு திரும்பி வருவது பாதியாகக் குறையும்.

சோதிக்க ஒரு எளிய வழி. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே ஒரு தமிழ் நூலைத் திறந்து 'கோவில்', 'கௌரவம்', 'பொழுது' போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் ஒழுங்காக நின்றால் கருவி தமிழ் அறிந்தது. கொம்பு இடம் மாறி நின்றால் விற்காதீர்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வாங்க வருபவரிடம் "எந்த விலையில் வேண்டும்?" என்று தொடங்குவது நம் வழக்கம். இந்தச் சரக்குக்கு அது ஆகாது. கீழ்க்கண்ட மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

1. எதைப் படிக்கப் போகிறீர்கள்? கதை, நாவல், கட்டுரை மட்டும் என்றால் இ-ரீடர். பள்ளிப் பாடம், செய்தித்தாள், படக்கதை, போட்டித் தேர்வுக்கான பி.டி.எஃப்., வீடியோ வகுப்பு என்றால் டேப்லெட். பொத்தேரி, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் உள்ள கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருந்தும். அவர்களிடம் இ-ரீடரைத் தலையில் கட்டினால் ஒரே வாரத்தில் சலித்துப்போவார்கள்.

2. எங்கே, எப்போது படிப்பீர்கள்? ரயிலில் நின்றபடி என்றால் ஒரு கையில் அடங்க வேண்டும். இரவில் மற்றவர் தூங்கும் அறையில் என்றால் உள்விளக்கோ கிளிப் விளக்கோ வேண்டும். மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துப் படிப்பவருக்குத் தாங்கி வேண்டும். இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் நம் துணைப்பொருள் வியாபாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

3. புத்தகத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? இது பலர் கேட்காமல் விடும் கேள்வி. காகிதப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினால் அது நம்முடையது. பிறருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். மின்னூலில் நாம் பெறுவது பெரும்பாலும் படிக்கும் உரிமைதான். 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்பதால் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை அமேசான், வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அழித்தது. பணம் திரும்பியது, பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அலமாரிக்குள் ஒருவர் கை விட்டு எடுக்க முடியும் என்பது தெரிந்துபோயிற்று. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்களும் மறைந்தன; பணத்தைத் திருப்பித் தந்தார்கள். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வயர் மூலம் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. இதையெல்லாம் சொன்னால் வியாபாரம் கெடுமே என்று நினைக்க வேண்டாம். முன்கூட்டியே சொன்ன கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்கமாட்டார்.

துணைப்பொருளில் எது நிற்கும், எது தங்கும்

நான் 86 உறையோடு மாட்டிக்கொண்டது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பெரிய கம்பெனிச் சரக்கிலும் அதே கதைதான். கிண்டில் பேப்பர்வொயிட்டின் திரை 2018 வகையில் 6 அங்குலம். 2021 வகையில் 6.8 அங்குலம், 2024 வகையில் 7 அங்குலம். ஆறு ஆண்டில் மூன்று அளவு! முந்தியதன் உறை பிந்தியதற்கு ஏறாது. சார்ஜ் வயரும் அப்படியே. 2021 வரை மைக்ரோ-யு.எஸ்.பி.; அந்த ஆண்டு வகையிலிருந்து டைப்-சி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் டேப்லெட், இ-ரீடர் உள்ளிட்ட கருவிகளுக்கு டைப்-சி கட்டாயம் என்று ஆக்கிவிட்டதால், வயரில் மட்டும் இனி குழப்பம் குறையும்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட விதி இதுதான்: மாடலை ஒட்டிய பொருளை ஆர்டரின் பேரில் எடு, படிப்பவரை ஒட்டிய பொருளை இருப்பில் வை. மாடல் ஆண்டுதோறும் மாறும். மனிதனின் கையும் கண்ணும் மடியும் மாறுவதில்லை.

ஆர்டரின் பேரில் மட்டும் எடுக்க வேண்டியவை: குறிப்பிட்ட மாடலுக்கான உறை, திரை மேல் ஒட்டும் கண்ணாடி, அந்தந்தக் கம்பெனியின் பேனா. முன்பணம் வாங்கிக்கொண்டு, மாடல் பெயரையும் ஆண்டையும் சீட்டில் எழுதிக்கொண்டு ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துக் கொடுங்கள்.

இருப்பில் வைக்கத் தக்கவை:

கிளிப் விளக்கு. இ-ரீடரில் மாட்டலாம், காகிதப் புத்தகத்திலும் மாட்டலாம். இதில் சார்ஜ் ஏற்றும் வகையைவிட, கடையில் நெடுநாள் இருக்கக்கூடும் என்றால் பென்சில் செல் போடும் வகை நல்லது. செல்லைக் கழற்றித் தனியே வைக்கலாம்.

ஜிப் வைத்த துணிப் பை, 7 அங்குலம், 10 அங்குலம் என இரண்டே அளவில். ஓட்டை, பட்டன் என்ற வம்பே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் ரயிலுக்கு நடப்பவர்களுக்கு நனையாத துணியில் வேண்டும்.

மடக்குத் தாங்கி. நம் பாட்டனார் இராமாயணம் படிக்க வைத்திருந்த சிக்குப்பலகையை நினைத்துப் பாருங்கள். அதில் புத்தகமும் நிற்கும், டேப்லெட்டும் நிற்கும். இரண்டு ஆண்டுக்கு முன் தச்சரிடம் சொல்லிச் சிறிய அளவில் பத்து செய்து வைத்தேன். மொய் வைப்பவர்கள்கூட அதைப் பரிசாக வாங்கிப் போகிறார்கள். எந்தக் கம்பெனி எந்த அளவில் கருவி கொண்டுவந்தாலும் அது பழையதாகாது.

டைப்-சி வயர், தரமான சார்ஜர். இதில் மலிவுச் சரக்கைத் தொடவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

இவற்றோடு நம் பழைய சரக்கையும் சேர்த்து வையுங்கள்: பக்க அடையாள அட்டை, புத்தகத்துக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டை, குறிப்பு நோட்டு. இ-ரீடர் வைத்திருப்பவர் காகிதத்தை விட்டவர் என்று எண்ணாதீர்கள். நந்தனத்தில் ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சியிலிருந்து இரண்டு கையிலும் பை தூக்கி வருபவரின் தோள்பையில்தான் இ-ரீடரும் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

வரியை நீக்கி, மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி வைத்துப் பார்ப்போம். எண்கள் பாடத்துக்காகப் போட்டவை. உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

டேப்லெட் ஒன்று 10,000 ரூபாய்க்கு எடுத்து 10,400க்கு விற்கிறீர்கள். ஒரே மாதத்தில் போனால் வட்டி 150 போக மிச்சம் 250 ரூபாய். ஆறு மாதம் தங்கிவிட்டது. அதற்குள் சந்தை விலை 9,000க்கு இறங்கிவிட்டது என்றால் விலையில் 1,000, வட்டியில் 900, ஆக 1,900 ரூபாய் நஷ்டம். இந்த ஒன்றை ஈடுகட்ட எட்டு டேப்லெட்டை அந்தந்த மாதத்திலேயே விற்றாக வேண்டும்.

கிளிப் விளக்கு 10 எண்ணம் 180 வீதம் எடுத்து 250க்கு விற்கிறீர்கள். முதல் 1,800. மாதம் இரண்டு வீதம் மெதுவாகவே போகட்டும். ஐந்து மாதத்தில் தீரும். குறைந்துவரும் முதலுக்கு வட்டி 81 ரூபாய். லாபம் 700இல் அது போக 619. பத்தாயிரம் முடக்கி 250 எடுப்பதும், ஆயிரத்து எண்ணூறு முடக்கி 619 எடுப்பதும் ஒன்றாகுமா? ஆகவேதான் கருவியை இருப்பில் வைக்காதீர்கள், ஆர்டரின் பேரில் கொடுங்கள் என்கிறேன்.

சட்டமும் சீட்டும்

எங்கள் ஊரில் ஜி.எஸ்.டி. என்றால் நெடுங்காலம் சாலைதான். 2017 ஜூலை 1 முதல் வரிக்கும் அதே பெயர். ஸ்டேஷனரி கடைக்காரர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை. பயிற்சி நோட்டுக்கும் பென்சிலுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி இல்லை. டேப்லெட், சார்ஜர், பவர் பேங்க் ஆகியவற்றுக்கு 18 சதம். ஒரே சீட்டில் நோட்டும் சார்ஜரும் எழுதும்போது வரியைக் கலந்துவிடாதீர்கள்.

அடுத்தது தரக் குறி. 2012இல் வந்த ஆணைப்படி டேப்லெட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். சார்ஜர், பவர் பேங்க் ஆகியவை பின்னர் சேர்க்கப்பட்டன. பொருளின் மேல் ஐ.எஸ்.ஐ. போன்ற அமைவனக் குறியும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள். பொட்டலத்தின் மேல் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், மாதம், ஆண்டு, எந்த நாட்டுச் சரக்கு என்பவையும் வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதான பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவரும் பதில் சொல்ல நேரிடும் இடங்கள் உண்டு. தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாவிட்டால் நம் தலைதான் உருளும். பெயர் தெரியாத சரக்கை ரொக்கத்துக்கு எடுத்த என்னைப் போல் ஆகாதீர்கள்.

பேட்டரி உள்ள எதையும் வெயில் இறங்கும் கூரையின் கீழ் வைக்காதீர்கள். முழுக்க வடிந்த நிலையிலும் வைக்காதீர்கள். பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். என் ஒன்பது டேப்லெட்டுகள் செத்ததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவர் பின்னால் விளக்கினார். உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு எடுக்கப் பதிவு பெற்றவர்களிடமே சேர்க்க வேண்டும்.

இந்த மாதம் செய்து பார்க்க

பாடம் என்றால் பயிற்சி வேண்டும். மூன்றே மூன்று.

ஒன்று: கடையில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய மின்னணுச் சரக்கு, உறை, ஒட்டும் கண்ணாடி எவ்வளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுங்கள். அதற்கு வட்டி போட்டுப் பாருங்கள். மாடல் மாறிப்போனதை வந்த விலைக்குத் தள்ளுங்கள். வைத்திருந்தால் அது ரேஷன் கார்டு உறையாகத்தான் ஆகும்.

இரண்டு: ஒரு சிறு நோட்டைக் கல்லாப் பக்கத்தில் வையுங்கள். படிப்பதற்கென்று எதைக் கேட்டு வந்து இல்லையென்று போகிறார்கள் என்பதை எழுதிவாருங்கள். என் கடையில் அந்த நோட்டுதான் கிளிப் விளக்கையும் சிக்குப்பலகையையும் சொல்லிக் கொடுத்தது.

மூன்று: கடையில் நிற்கும் பையனுக்கு மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் பழக்குங்கள். 'கோவில்' என்ற சொல்லைத் திறந்து பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். தனக்குத் தெரியாததை "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவும் பழக்குங்கள். அன்று தமிழாசிரியரிடம் நான் சொல்லத் தவறிய வார்த்தை அதுதான்.

அவர் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். பேனா ரீஃபில் வாங்குவார். சென்ற முறை வந்தபோது, நின்றபடி ஒரு சிக்குப்பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லாயிருக்கு அண்ணாச்சி. எவ்வளவு?" என்றார். "சார், முதலில் உங்க கருவியை எடுத்துட்டு வாங்க. வச்சுப் பார்த்துட்டு, சரியா நின்னா வாங்கிக்கலாம்" என்றேன். மறுநாள் கொண்டுவந்தார். நின்றது. அதன் பிறகுதான் விலை சொன்னேன்.